ஒரே வரியில் இரண்டு வேலை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று அம்மா சொல்லும். பொய்யில்லை. அந்தச் சனிக்கிழமை காலையில், சுங்கை பட்டாணியில் நான் வேலை செய்த பேக்டரியின் கேட்டில் அக்காவைப் பார்த்ததும் முதலில் வந்தது கோபம்தான்.

"உங்களை யாருக்கா இங்க வரச் சொன்னது? டிபி வந்த ஆளு வீட்ல இருந்து மருந்து சாப்பிடணும். இப்படி பஸ்ல ஏறி ஊரெல்லாம் சுத்தலாமா?"

கேட்டைக் காக்கும் கார்டு காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அக்கா கையிலிருந்த பெரிய காக்கி உறையை என் முன்னால் நீட்டியது.

அக்கா என்றால் கூடப் பிறந்தது இல்லை. சிடாம் கிரி பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் அடுத்த வீடு. விடியுமுன்னே அம்மா பால் வெட்டப் போய்விடும். எனக்குத் தலை வாரி, பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டது இந்த அக்காதான். நான் படித்து, கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, எண்பதுகளின் கடைசியில் இந்த பேக்டரியில் புரோகிராம் எழுதும் வேலைக்கு வந்து, பாக்கார் ஆராங்கில் ஒரு டெரஸ் வரிசை வீட்டில் மூன்று பெண்களோடு ஒரே ரூமில் தங்கியிருந்தேன். எங்கள் வீட்டார் பெண்டாங்கில் அண்ணனிடம் போய்விட்டார்கள். எனக்கு நெருங்கியவர்களில் தோட்டத்தில் மிஞ்சியது அக்காவும் அதன் ஆறு வயது மகளும்தான். புருஷன் தவறிப்போய் இரண்டு வருஷம். தோட்டத்தையும் விற்றாகிவிட்டது. மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

டவுனில் ரூம் பார்த்து வைத்திருந்தோம். பேக்டரி வேலை உண்டு என்று கடிதம் காட்டினால்தான் சாவி கொடுப்பேன் என்றார் வீட்டுக்காரர். ஆகவே வேலை இருந்தால் வீடு. வேலை இல்லையென்றால் அக்காவும் பிள்ளையும் நடுத்தெருவில். விண்ணப்பப் பாரம் வாங்கி, நிரப்பி, கெஞ்சி, நான்தான் அக்காவைப் புது ஆட்கள் பட்டியலில் சேர்த்திருந்தேன். திங்கட்கிழமை வேலையில் ஏறவேண்டும். வியாழக்கிழமை அக்காவுக்கு வந்த கடிதத்தில் 'நுரையீரலில் புள்ளி, வேலைக்குத் தகுதியில்லை' என்று இருந்தது.

அந்தக் கடிதத்தை அச்சடித்தது என் புரோகிராம்.

வேலைக்கு எடுக்கும் முன் எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பது பேக்டரி வழக்கம். எக்ஸ்ரே லாரி ஒன்று உள்ளே வந்து நிற்கும். புது ஆட்களும், வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கவேண்டிய எங்களைப் போன்ற ஆபீஸ் ஆட்களும் ஒரே வரிசையில் நிற்கவேண்டும். வரிசைப்படி நம்பர் அட்டை கிடைக்கும். பிறகு கிளினிக்கிலிருந்து நம்பரும் முடிவும் மட்டும் டைப் அடித்த ஒரு தாள் வரும். பெயர்களை ஒரு பக்கமும் முடிவுகளை ஒரு பக்கமும் நான் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், அது இரண்டையும் ஜோடி சேர்த்து ஆளுக்கொரு கடிதம் அடித்துத் தள்ளும். பழைய மெஷினில் ஒரு வருஷமாக ஒரு பிசகும் இல்லாமல் ஓடிய புரோகிராம் அது. இந்த மாதம்தான் புது மெஷின் வந்திருந்தது. என் புரோகிராமை அப்படியே அதற்கு மாற்றி, முதல் தடவையாக நாற்பது கடிதங்களை அடித்திருந்தேன்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் தோட்டத்துக்குப் போனேன். ஆறுதல் சொல்லத்தான் போனேன் என்று அப்போது நினைத்தேன். அக்கா தேத்தண்ணி கலந்து கொண்டுவந்து வைத்தது. நான் அந்தக் கோப்பையைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் என் மடியில் உட்கார்ந்து, என் தட்டிலிருந்தே சோறு சாப்பிடும் பிள்ளை, அன்றைக்கும் ஓடி வந்து மடியில் ஏறியது. இறக்கிவிட்டேன். "மெஷின் தப்பு பண்ணாதுக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். இடையில் இரண்டு தடவை இருமினேன். கம்ப்யூட்டர் ரூம் ஏர்கோன் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை, இரண்டு மாதமாக இந்த இருமல்.

இப்போது அந்தக் காக்கி உறையில் இருந்தது இன்னொரு எக்ஸ்ரே படம். வெள்ளிக்கிழமை அக்கா தானாகவே கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்திருக்கிறது. கூடவே டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. நெஞ்சு சுத்தம், ஒன்றுமில்லை.

"அங்க படம் மாறியிருக்கும்க்கா" என்றேன். என் வாய் இருக்கிறதே!

அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது கிடையாது. அன்றைக்கு வந்தது. "ஏன்டி, ஊர்ல உள்ளவங்க எல்லாம் மாத்துவாங்க, உன் மெஷின் மட்டும் மாத்தாதா? நேத்து பஸ்ல என் பக்கத்துல உக்காந்தவ எந்திரிச்சுப் போனா. பிள்ளையோட யாரும் வெளையாட வரல. நீ ஒரு தடவ போய்ப் பாரேன். பாத்தா கொறஞ்சா போயிருவ?"

சுருக்கென்றது. உறையை வாங்கிக்கொண்டு ஆள் எடுக்கும் பகுதி அதிகாரியிடம் போனேன். மலாய்க்கார அம்மாள், எல்லோரும் புவான் என்போம். நல்லவர், ஆனால் கறார். படத்தைத் தொடவே இல்லை. எங்கள் கிளினிக் சொன்னதுதான் கணக்கு, வெளிப் படம் செல்லாது என்றார். சனிக்கிழமை அரை நாள். ஒரு மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார். தகுதியில்லாத ஆளின் இடத்துக்குக் காத்திருப்பவர்களில் அடுத்த பெண்ணைப் போட்டுவிடுவார். சுவர்க் கடிகாரம் பத்தரை காட்டியது.

அக்காவின் நம்பர் அட்டையை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் ரூமுக்கு ஓடினேன். பதினெட்டு. கிளினிக் தாள் என் மேசை டிராயரில் இருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். பதினெட்டு: சுத்தம்.

அப்படியென்றால் நான் ஏற்றும்போது தப்பாகத் தட்டினேனா? திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அங்கேயும் பதினெட்டு சுத்தம்தான். பெயர்ப் பட்டியலில் பதினெட்டாவது அக்காதான். இரண்டு பக்கமும் சரி. கடிதம் மட்டும் தப்பு. அதெப்படி? சரியைப் போட்டால் சரிதானே வரவேண்டும்!

அப்போதுதான் குப்பைக்கூடையைப் பார்த்தேன். தூசி வந்துவிடும் என்று அந்த ரூமில் யாரையும் கூட்ட விடமாட்டேன். என் திமிர் அன்றைக்குக் கைகொடுத்தது. வியாழக்கிழமை நான் கசக்கிப் போட்ட தாள் அப்படியே கிடந்தது. தாள் நேராக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக எல்லோருக்கும் முன்னால், நம்பர் பூஜ்யம் என்று ஒரு பொய்யான ஆளை வைத்திருப்பேன். அந்த ஆளுக்குப் பெயர் 'சோதனை', முடிவு 'சுத்தம்'. நாற்பது பேருக்கு நாற்பத்தொரு தாள் வரும். முதலில் வரும் சோதனைத் தாளைக் கிழித்துக் கூடையில் போடுவது என் பழக்கம். வியாழக்கிழமையும் ஒரு தாளைப் போட்டேன். ஆனால் அது முதலில் வரவில்லை, கடைசியில் வந்தது. ஏன் என்று நான் யோசிக்கவே இல்லை. கணக்கு நாற்பத்தொன்று, ஒன்று கூடைக்கு, மீதி புவானுக்கு. அவ்வளவுதான் என் மண்டையில்.

தாளைப் பிரித்தேன். பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. 'சோதனை' என்ற சொல்லே இல்லை. கீழே 'நுரையீரல் சுத்தம்' என்று மட்டும் இருந்தது.

விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். சோதனைக்கு வரவேண்டிய முடிவு முதல் ஆளுக்குப் போயிருக்கிறது. முதல் ஆளுடையது இரண்டாவது ஆளுக்கு. இப்படியே நாற்பது பேருக்கும் ஒரு இடம் தள்ளி, கடைசி ஆளின் முடிவுக்குப் பெயரே கிடைக்காமல் வெறும் தாளாக வந்திருக்கிறது. அக்கா மட்டுமில்லை, கையில் கடிதம் வைத்திருக்கும் எல்லோருமே அடுத்தவர் முடிவைத்தான் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் சுத்தம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

ஏன் தள்ளியது? புரோகிராமைத் திறந்தேன். என்னுடைய வரி என்னைப் பார்த்தது. அச்சடி: பெயர்[i], முடிவு[i++].

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். i என்பது வரிசை நம்பர். i++ என்றால், இப்போதுள்ள நம்பரை எடுத்துக்கொண்டு, அதோடு அதை ஒன்று கூட்டியும் வைத்துவிடு என்று அர்த்தம். அந்த ஒரே வரியில் இரண்டு வேலை சொல்லியிருந்தேன். இந்த நம்பரின் பெயரை எடு. இந்த நம்பரின் முடிவை எடுத்துவிட்டு நம்பரைக் கூட்டு. இடமிருந்து வலமாகப் போனால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் முடிவை முதலில் எடுத்தால்? நம்பர் அப்போதே கூடிவிடும். பிறகு பெயரை எடுக்கப் போகையில் அங்கே நிற்பது அடுத்த ஆள்.

எதை முதலில் செய்வது என்று சி மொழி சொல்லவே சொல்லாது. அது அவரவர் மெஷினில், நாம் எழுதியதை மெஷின் பாஷைக்கு மாற்றும் கம்பைலரின் இஷ்டம். பழைய மெஷின் கம்பைலர் இடமிருந்து வந்தது. புது மெஷினுடையது வலமிருந்து வந்தது. இரண்டும் குற்றவாளி இல்லை. இப்படி எழுதாதே என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கோர்ஸ் பரீட்சையில் இதே கேள்வி வந்து, சரியாகப் பதில் எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். பிறகு ஏன் எழுதினேன்? இரண்டு வரியில் சொல்வதை ஒரு வரியில் முடித்தால் கெட்டிக்காரி என்று நினைப்பு. ஒரு வருஷம் ஒழுங்காக ஓடியதா, சரியாக எழுதியதால்தான் ஓடுகிறது என்று நம்பிவிட்டேன். எனக்கு வாய்த்தது வெறும் அதிர்ஷ்டம் லா. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கிளினிக் தாளோடு புவானிடம் ஓடினேன். பதினொன்றே முக்கால். தப்பு என்னுடையது, பதினெட்டாம் நம்பர் சுத்தம், பாருங்கள் என்றேன். மூச்சு வாங்கியது, இருமல் வேறு. அவர் தாளை நிதானமாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மலாயில் ஒரே சொல்லில் கேட்டார்.

"சியாப்பா?"

யார்?

"இவளுக்கு இல்லையென்றால் வேறு யாருக்கோ இருக்கிறது. நல்ல கடிதத்தை வாங்கிக்கொண்டு அந்த ஆள் நம்மோடு உட்கார்ந்திருக்கிறாள். இவள் கடிதத்தை மட்டும் மாற்றிக் கேட்காதே. எல்லாவற்றையும் திரும்ப அடி. அந்த ஆளின் கடிதத்தையும் கொண்டு வந்து இங்கே வை. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் கையெழுத்து. ஒரு மணி வரைக்கும் இருப்பேன்."

அவர் கேட்டது நியாயம்தான். எனக்கோ யாராக இருந்தால் என்ன என்றிருந்தது. அக்காவுக்கு வீடு கிடைத்தால் போதும். ஓடி வந்து அந்த வரியை இரண்டாக உடைத்தேன். அச்சடிப்பது ஒரு வரி. நம்பரைக் கூட்டுவது தனியாக, அதற்குக் கீழே. அவ்வளவுதான் வேலை, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கம்பைல் செய்து, பிரிண்டரில் தாளைப் பொருத்தி ஓடவிட்டேன்.

அந்தக் காலத்து பிரிண்டர் கரகரவென்று ஒவ்வொரு வரியாகத்தான் அடிக்கும். முதல் தாளில் 'சோதனை' வந்தது. அப்பாடா என்றேன். ஒன்று, சுத்தம். இரண்டு, சுத்தம். மணி பன்னிரண்டு தாண்டியது. ஏழு. எட்டு. புள்ளி இருப்பது பதினேழுக்கு. கிளினிக் தாளில் காலையிலேயே என் கண்ணில் பட்டதுதான். யார் அந்தப் பதினேழு? பெயர்ப் பட்டியல் திரையில் ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும். நான் தட்டவில்லை. என் கைக்குத் தெரிந்திருந்தது போலும்.

பன்னிரண்டாவது தாள் வரும்போது எக்ஸ்ரே லாரி ஞாபகம் வந்தது. அன்றைக்கு அக்காவை வரிசைக்குக் கூட்டிப்போனதே நான்தான். லாரி படியருகில் வந்ததும் அக்கா நின்றுவிட்டது. "உள்ள கரண்டு கிரண்டு அடிக்குமாம்மா?" என்று கேட்டது. அதெல்லாம் இல்லை, ஏறுங்க என்றேன். "இல்ல இல்ல, நீ முந்திப் போம்மா. நான் பின்னால வரேன்" என்று என் முதுகைப் பிடித்துத் தள்ளிவிட்டது. நானும் சிரித்துக்கொண்டே ஏறினேன்.

அக்காவுக்கு முன்னால் ஏறியது நான்.

பதினாறாவது தாள் வந்தது. பிரிண்டரை நிறுத்த ஒரு பட்டன் இருந்தது. நிறுத்தி என்ன ஆகப்போகிறது? பதினேழாவது தாள் மெதுவாக மேலே ஏறி வந்தது. முதலில் என் பெயர். பிறகு அப்பா பெயர். பிறகு அந்த வாக்கியம். வியாழக்கிழமை இதே வாக்கியத்தை அக்கா பெயருக்குக் கீழே படித்துவிட்டு ஐயோ பாவம் என்று சொன்னவள் நான்.

என்ன நினைத்தேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். புள்ளி அந்தப் பொய்யான ஆளுடையது, சோதனைக்காக நானே போட்டு வைத்தது என்று புவானிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். என் முடிவைத் திரையில் மாற்ற நாலு தட்டுப் போதும். கிளினிக் தாளில் தப்பு என்றால் இங்கே யாருக்கு என்ன தெரியும்? புரோகிராம் என்னுடையது, கம்ப்யூட்டர் பற்றி நான் சொன்னதுதான் அந்த ஆபீஸில் வேதம். அக்காவுக்கு வேலை கிடைக்கும், எனக்கும் வேலை இருக்கும். மருந்தைத் தனியாக எங்கேயாவது வாங்கிச் சாப்பிட்டுக்கொள்ளலாம். சிலுவை போட்டுவிட்டு விசைப்பலகையில் கையைக்கூட வைத்துவிட்டேன், அதுவும் உண்மை. பாவம் செய்வதற்கு முன்னால் சிலுவை போட்டவள் இந்தக் கெடா மாநிலத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்போது இருமல் வந்தது. நிற்கவே இல்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அந்தக் கையைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்குச் சோறு ஊட்டிய கை. ஒரே தட்டு, ஒரே தம்ளர், இரண்டு மாதமாக. வியாழக்கிழமை அந்தப் பிள்ளையை மடியிலிருந்து இறக்கிவிட்டது என்னைக் காப்பாற்றிக்கொள்ள. உண்மையில் அந்தப் பிள்ளையைத்தான் என்னிடமிருந்து காப்பாற்றவேண்டியிருந்தது. பயந்துபோனேன். அதுவரைக்கும் வேலையை நினைத்துப் பயந்தேன், இது வேறு பயம். எழுந்து, அடித்து முடிந்த தாள்களைப் பிரிண்டரிலிருந்து கிழித்தெடுத்தேன்.

பன்னிரண்டு ஐம்பது. புவான் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார். மற்ற கடிதங்களை ஒரு கட்டாகவும், இரண்டை மட்டும் தனியாகவும் மேசையில் வைத்தேன். முதல் கடிதத்தைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டாவதைப் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் நாற்காலி ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். வியாழக்கிழமை நான் செய்ததும் வேண்டுமென்றா செய்தேன்?

இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். குணமாகி வந்தால் உன் இடத்தைப் பார்க்கலாம், உறுதி சொல்லமுடியாது என்றார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போ என்றும் சொன்னார். தெரிமா காசே என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அக்கா கேட்டுக்கு எதிரே தேத்தண்ணிக் கடையின் நிழலில் நின்றுகொண்டிருந்தது. காலையிலிருந்து அங்கேயேதான். என்னைப் பார்த்ததும் ஓடி வரப் பார்த்தது. "அங்கேயே நில்லுங்கக்கா!" என்று ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே கத்தினேன். "உங்களுக்கு ஒண்ணுமில்ல. திங்கக்கிழம வேல. வீட்டுக்காரருகிட்ட கடிதத்தைக் காட்டி இன்னைக்கே சாவி வாங்கிருங்க. புள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்க. புள்ளி என்னோடது."

இதைச் சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். நடு ரோட்டில், பேக்டரி பஸ் நிற்கிற இடத்தில், அத்தனை பேர் பார்க்க.

அக்கா நிற்கவில்லை. ரோட்டைக் கடந்து வந்து என் கையைப் பிடித்தது. "விடுங்கக்கா, ஒட்டிக்கும்" என்று உதறினேன். விடவில்லை. இழுத்துக்கொண்டு போய் பெஞ்சில் உட்காரவைத்து, இரண்டு தேத்தண்ணி சொன்னது. கடிதத்தை வாங்கிப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டது. தேத்தண்ணி வந்தது. நான் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வியாழக்கெழம நீ என் வீட்ல குடிக்கல" என்றது அக்கா. "பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீ போனப்புறம் அத ரொம்ப நேரம் கீழ ஊத்தாமயே வச்சிருந்தேன்."

அக்கா கோப்பையை என் பக்கம் நகர்த்தியது.

"இப்பக் குடி. குடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம். அன்னைக்கி மாதிரியே நீ முந்திப் போ, நான் பின்னால வரேன்."

குடித்தேன். சுடச்சுட இருந்தது. சீனி கொஞ்சம் அதிகம்.